பழைய துப்பாக்கி ஐந்து

கல்லூரி ஜன்னலிலிருந்து விண்ணப்பம் திரும்பி வந்தது. மூன்றாம் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு வட்டம்.

"வீரப் பதக்கம் வாங்கினதா எழுதியிருக்கீங்க. உங்க சர்வீஸ் ரெக்கார்டுல அப்படி எதுவும் இல்லையே," என்றார் உள்ளே இருந்தவர்.

மகளோடு வெளியே நின்றவர் சட்டைப்பையிலிருந்து பதக்கத்தை எடுத்து ஜன்னல் திட்டில் வைத்தார்.

"சார், இதைக் கடையிலயும் விக்கிறாங்க. எனக்குப் பேப்பர் வேணும்."

ராணுவ மருத்துவமனையின் நர்சிங் கல்லூரி அது. பதக்கம் பெற்றவர்களின் பிள்ளைகளுக்கு நான்கு இடங்கள் ஒதுக்கியிருந்தார்கள். மகள் பொது வரிசையில் இரண்டு முறை நூலிழையில் தவறியிருந்தாள். வயது வரம்புப்படி இதுதான் கடைசி வருஷம். இருபத்தெட்டாம் தேதி மாலை ஐந்து மணிக்குள் திருத்திய பதிவைக் கொண்டுவர வேண்டும். அன்று ஆறாம் தேதி.

"எழுதாம விட்டிருப்பாங்க. நான் சரி பண்றேன்," என்றார் மகளிடம்.

இருபது வருஷம் ராணுவத்தில் ஸ்டோர் பார்த்தவர். தெருவில் இன்றும் ஸ்டோர்க்காரர் என்றுதான் பெயர். வீட்டில் ஆணிகள் அளவு வாரியாகப் புட்டிகளில் இருக்கும். அண்டை வீட்டுக்கு ஏணி போனால் சுவரில் தேதி ஏறும். "என்னையே கையெழுத்துப் போட்டுத்தானே வாங்கினாரு," என்பாள் மனைவி.

ஆவண அலுவலகத்தில் ஒரு படிவம் கொடுத்தார்கள். பதக்கத்துக்குக் காரணமான சம்பவ தினத்தில் உடனிருந்தவர் ஒருவரின் சாட்சியம் வேண்டும், அல்லது அன்றைய தேதியிட்ட ஆவணம் வேண்டும்.

உடனிருந்தவர்களில் ஒருவன் மட்டும் அதே ஊரில் இருந்தான். நடையைப் பார்த்து வாத்து என்று முகாமில் பெயர் வைத்திருந்தார்கள். ரயில் பாதைக்கு அருகே சைக்கிள் கடை.

"வாடா ஸ்டோரு," என்றான் வாத்து. "நீ இன்னும் காலாவதி ஆகலையா?"

"சாட்சிக் கையெழுத்து ஒண்ணு வேணும். பாலத்துல நான் இருந்தேன்னு."

வாத்து ஒரு டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக்கொண்டிருந்தான். குமிழ்கள் வந்துகொண்டே இருந்தன. அவன் அவற்றைப் பார்க்கவில்லை.

"எந்தப் பாலம்?"

"எத்தனை பாலத்துலடா மெடல் வாங்கினோம்?"

"எனக்கு அன்னிக்குக் காய்ச்சல். நான் வரவே இல்ல."

"உனக்குத் தோட்டா இருபது கொடுத்தேன். எட்டு திரும்பி வந்துச்சு."

வாத்து கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். தெருவை இரண்டு பக்கமும் பார்த்தான்.

"இருபத்தி மூணு வருஷம் ஆச்சு. இன்னுமா ஞாபகம் வச்சிருக்கே?"

"எழுதி வச்சிருக்கேன்."

"எங்க?"

"என் கைநோட்டுல. வீட்டுலதான் இருக்கு."

"வீட்டுல அடுப்பு இருக்குல்ல?"

ஸ்டோர்க்காரர் சிரித்தார். வாத்து சிரிக்கவில்லை.

"என் ரெக்கார்டுலயும் மெடல் இல்ல. பாத்துட்டு நிம்மதியா ஒரு டீ குடிச்சேன். ஒன்பது பேருக்கும் இல்லடா. ஒன்பது பேருக்கும் எழுத மறந்துட்டாங்கன்னு நெனச்சியா?"

"பொண்ணுக்கு சீட்டு வேணும்."

"வேற படிக்கச் சொல்லு. நர்சு ஆகலைன்னா உலகம் நின்னுடுமா?"

"அவளுக்கு நின்னுடும்."

வாத்து மறுபடி உட்கார்ந்து டியூபை எடுத்தான். "இனிமே இங்க வராதே. பஞ்சரானா வேற கடைக்குப் போ."

"என்கிட்ட சைக்கிளே இல்லையே."

"அப்ப ரொம்ப நல்லது."

சாட்சி இல்லை. ஆவணம் இருந்தது. அவர் பெட்டியைத் திறந்து கைநோட்டை எடுத்தார். உள்ளங்கை அளவு, நீல அட்டை. பெரிய பேரேட்டில் ஏற்றுவதற்கு முன்னால் எல்லாவற்றையும் அதில்தான் எழுதுவார். ஓய்வு பெற்றபோது திருப்பிக் கொடுக்க வேண்டிய பொருட்களின் பட்டியலில் அது இல்லை. அதனால் கொடுக்கவில்லை.

அந்தத் தேதியைக் கண்டுபிடித்து, கடையில் ஒரு நகல் எடுத்தார்.

ஆவண அலுவலகம் இரண்டாம் மாடியில். திருத்தப் பிரிவில் ஒரு அம்மாள் இருந்தார். மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் மாட்டியிருந்தார். ஸ்டோர்க்காரர் இருந்த ராணுவ அணியின் பழைய தினப் புத்தகத்தை அலமாரியிலிருந்து அவரே தூக்கிக்கொண்டு வந்து புரட்டினார். பதினொன்றாம் தேதிக்குப் பின் பதின்மூன்றாம் தேதி இருந்தது; சம்பவ தினமான பன்னிரண்டைக் காணோம். நடுவில், தையலை ஒட்டி, ஒரு விரல் அகலத்துக்குக் காகித விளிம்பு.

"பூச்சி அரிச்சிருக்கு," என்றார் ஸ்டோர்க்காரர்.

"பூச்சி இவ்வளவு நேரா அரிக்காது சார். பிளேடு."

ஸ்டோர்க்காரர் குனிந்து பார்த்தார். "பக்கத்தை எடுத்தா பின்பக்கமும் போயிடுமே மேடம். அதுல வேற என்னென்ன கணக்கு இருந்துச்சோ."

அந்த அம்மாள் அவரை ஒரு கணம் பார்த்தார். பிறகு நகலுக்காகக் கையை நீட்டினார்.

நகலில் இருந்தது இவ்வளவுதான்:

மாலை 5.40. துப்பாக்கி 9, தோட்டா 180, வெளியே. ஆட்கள் ஒன்பது, என்னையும் சேர்த்து.
மாலை 5.50. பிடிபட்ட பழைய துப்பாக்கி 5, வெளியே. தோட்டா இல்லை. மேஜர் கையொப்பம்.
மறுநாள் காலை 7.15. துப்பாக்கி 9, தோட்டா 121, உள்ளே. பழைய துப்பாக்கி 5, உள்ளே. ஒன்றில் ரத்தம். துடைத்து வைக்கப்பட்டது.
புதிதாக வந்தவை: சாப்பாட்டு டப்பா 5, மண்வெட்டி 3, சைக்கிள் 2, செருப்பு 9.

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். மறுபடி போட்டுக்கொண்டார்.

"தோட்டா இல்லாத பழைய துப்பாக்கி எதுக்கு சார் வெளிய போச்சு?"

"மேஜர் கேட்டாரு. கொடுத்தேன். அஞ்சும் திரும்பி வந்துடுச்சு."

"செத்தவங்க எத்தனை பேரு?"

"அஞ்சு."

"அவங்ககிட்ட இருந்து பிடிச்ச துப்பாக்கி எத்தனை? பேப்பர்ல போட்டோ வந்துச்சே. ஆளுக்கு ஒண்ணு பக்கத்துல கிடந்துச்சே. அது எதுவும் ஸ்டோருக்கு வரலையா?"

ஸ்டோர்க்காரர் நகலைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். அவருக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. அந்த இரண்டு வரிகளையும் அவர் ஒருபோதும் சேர்த்துப் பார்த்ததில்லை. வெளியே போனது திரும்பி வந்ததா என்பதுதான் அவருடைய வேலை.

அந்த அம்மாள் குரலைத் தாழ்த்தினார். "அண்ணே, அந்த அஞ்சு பேரும் கல் உடைக்கிறவங்கன்னு வீட்டுக்காரங்க கோர்ட்டுக்குப் போயிருக்காங்க. விசாரணைக்குழு போட்டாச்சு. அடுத்த மாசம் ஆரம்பம். உங்க மேஜர் இப்ப எந்த நாற்காலியில இருக்காருன்னு தெரியுமா?"

"பேப்பர்ல பாத்தேன்."

"இந்த நகலை மடிச்சுப் பையில வைங்க. நான் பாக்கல. நீங்க வரல."

ஸ்டோர்க்காரர் நகலைக் கையில் எடுத்தார். அலமாரிகளுக்கு நடுவே யாரோ ஸ்டூலை இழுக்கும் சத்தம் கேட்டது. மகளின் விண்ணப்பம் அவர் பையில் இருந்தது, சிவப்பு வட்டத்தோடு.

"இருபத்தெட்டு கடைசித் தேதி மேடம்," என்றார். நகலைத் திரும்ப மேஜைமேல் வைத்தார்.

அந்த அம்மாள் முத்திரையை எடுத்தார். குத்தும்போது அவரைப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் தொலைபேசி வந்தது. கோப்பு மேலே போயிருக்கிறது என்றது ஒரு ஆண் குரல். ஐந்தாம் நாள் இன்னொரு அழைப்பு. ஒப்புதல் ஆகிவிட்டது, மூல நோட்டைக் கொண்டுவந்து காட்ட வேண்டும்.

"இதுக்கெல்லாம் மாசக்கணக்கா ஆகும்னு சொல்வாங்களே," என்றாள் மனைவி.

"பாவம்னு பாத்திருப்பாங்க."

"எனக்குப் பேறுகாலத்துல உங்களுக்கு ரெண்டு நாள் லீவு கேட்டப்ப பாவம் பாக்கல. இப்ப மட்டும் எங்கிருந்து வந்துச்சு பாவம்?"

"உனக்கு நல்லது நடந்தாலும் பொறுக்காது."

"நல்லதுன்னா மெதுவாத்தான் நடக்கும். நான் பாத்த வரைக்கும்."

திருத்தப் பிரிவில் அந்த நாற்காலியில் ஒரு இளைஞன் இருந்தான். மேஜையில் அந்த அம்மாளின் தண்ணீர்ப் புட்டி இன்னும் இருந்தது.

"மேடம் இல்லையா?"

"மாத்தலாயிட்டாங்க."

"எங்க?"

"அது எங்களுக்குச் சொல்ல மாட்டாங்க. நோட்டு கொண்டு வந்திருக்கீங்களா?"

கொடுத்தார். இளைஞன் அதைத் திறக்கவே இல்லை. ஒரு உறையில் போட்டு ஒட்டினான்.

"எனக்கு ரசீது வேணும்," என்றார் ஸ்டோர்க்காரர்.

"தாராளமா."

எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தான். அவர் முத்திரையைப் பார்த்தார். தேதியைப் பார்த்தார். மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். படியிறங்கும்போது மகளுக்கு வெள்ளைச் சீருடை தைக்க எத்தனை நாள் ஆகும் என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

இருபத்தைந்தாம் தேதி காலையில் இரண்டு பேர் வந்து வீட்டு எண்ணைச் சரிபார்த்துவிட்டுப் போனார்கள். அவர் அப்போது கடைக்குப் போயிருந்தார்.

"வாக்காளர் பட்டியலுக்காம்," என்றாள் மனைவி.

"என்ன கேட்டாங்க?"

"எத்தனை பேர் இருக்கோம், பின்னாடி வாசல் இருக்கா, பொண்ணு எத்தனை மணிக்கு வருவா."

"ஓட்டுக்கு எதுக்குப் பின்வாசல்?"

"அதைத்தான் நானும் கேட்டேன். எழுதிக்கிட்டே சிரிச்சாங்க."

வாத்துவின் கடைக்குப் போனார். கதவு இறக்கியிருந்தது. பக்கத்துக் கடைக்காரர் வெளியூர் போயிருக்கிறார் என்றார். எப்போது என்று கேட்டதற்கு, திங்கட்கிழமை ஒரு காரில் என்றார். தொட்டியில் தண்ணீர் அப்படியே இருந்தது. அதற்குள் ஒரு டியூப் கிடந்தது.

இருபத்தெட்டாம் தேதி. திருத்திய பதிவை நாங்களே வீட்டுக்குக் கொண்டுவருகிறோம் என்று தொலைபேசியில் சொல்லியிருந்தார்கள். மகள் காலையிலேயே தலை வாரி, சான்றிதழ்களை உறையில் அடுக்கி வைத்துவிட்டாள். பத்து மணிக்கு வரவில்லை. ஒரு மணிக்கு வரவில்லை. மூன்றேகாலுக்குத் தெருவில் ஒரு கறுப்புக் கார் வந்து நின்றது.

வந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். பழுப்புச் சட்டை. செருப்பை வாசலில் கழற்றி, ஒழுங்காகச் சேர்த்து வைத்துவிட்டு உள்ளே வந்தார்.

"மன்னிக்கணும், லேட்டாயிடுச்சு. கொஞ்சம் தண்ணி கிடைக்குமாம்மா?"

மனைவி கொடுத்தாள். முழுதும் குடித்தார். பையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"இது திருத்திய பதிவு. இது கல்லூரிக்கான சான்றிதழ். பதிவைப் படிச்சுப் பாத்து ஏத்துக்கிறேன்னு ஒரு கையெழுத்து. சான்றிதழைப் பொண்ணு எடுத்துக்கலாம். பஸ்ஸுல போனா லேட்டாகும்னா நம்ம கார்லயே விட்டுடறோம்."

"போடுங்கப்பா," என்றாள் மகள். "மணி ஆகுது."

ஸ்டோர்க்காரர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார். படித்தார். பதக்கம் ஏறியிருந்தது. பெயர், எண், தேதி எல்லாம் சரி. கீழே ஒரு பத்தி இருந்தது. அதை மூன்று முறை படித்தார்.

"இது தப்பு," என்றார்.

"எது சார்?"

"மேஜர் அன்னிக்கு லீவுல இருந்தார்னு இருக்கு. அவர் லீவுல இல்ல. அவர்தான் எங்களைக் கூட்டிட்டுப் போனார்."

"பதிவு அப்படிச் சொல்லுது."

"அஞ்சு பழைய துப்பாக்கியை நானே எடுத்துட்டுப் போனேன்னு இருக்கு. அவர் கையெழுத்துப் போட்டு வாங்கினாரு. என் நோட்டுல இருக்கு."

"எந்த நோட்டு?"

ஸ்டோர்க்காரர் எழுந்து போய் ரசீதைக் கொண்டுவந்தார். வந்தவர் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார்.

"ஆவணம் ஒன்று பெறப்பட்டதுன்னு இருக்கு. என்ன ஆவணம், எத்தனை பக்கம், வாங்கினது யாரு, எதுவும் இல்லையே. நீங்க ஸ்டோர்ல இருந்தவரு. கவனிச்சிருக்கணும்."

ஸ்டோர்க்காரர் ரசீதைத் திரும்ப வாங்கிப் பார்த்தார். அப்படித்தான் இருந்தது.

"என்னப்பா பிரச்சினை?" என்றாள் மகள்.

வந்தவர் அவளைப் பார்த்துப் புன்னகைத்தார். "ஒண்ணும் இல்லம்மா. அப்பாவை அவர் கேட்டதுக்கு மேலயே பாராட்டிட்டாங்க. அதான் கூச்சப்படறாரு."

மணி மூன்று நாற்பது. கல்லூரிக்கு நாற்பது நிமிஷம். பேனா தாளின்மேல் இருந்தது. அவர் அதை எடுத்தார். மூடி ஓரமாக வைத்தார். தாளை மகள் பக்கம் தள்ளினார்.

"படி. சத்தமா."

"சார், அதுக்கு நேரம் இல்ல," என்றார் வந்தவர்.

மகள் படித்தாள். முதல் வரிகளை வேகமாக. பத்திக்கு வந்ததும் மெதுவாக.

"அணித் தலைவர் விடுப்பில் இருந்த நிலையில், ஸ்டோர் பொறுப்பாளர் தன் சொந்த முடிவின்பேரில் எட்டு வீரர்களை அழைத்துக்கொண்டு பாலத்துக்குச் சென்றார். ஸ்டோரிலிருந்து ஐந்து பழைய துப்பாக்கிகளை, எவருடைய அனுமதியும் இன்றி, உடன் எடுத்துச் சென்றார். அவருடைய உத்தரவின்பேரில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் ஐவர் கொல்லப்பட்டனர்." நிறுத்தினாள். "நீங்களா கூட்டிட்டுப் போனீங்க?"

"இல்ல."

"அங்க இருந்தீங்களா?"

"இருந்தேன்."

"சுட்டீங்களா?"

"எனக்குக் கொடுத்த இருபதுல நாலு குறைஞ்சுது."

மனைவி சமையலறை வாசலில் நின்றிருந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த அஞ்சு பேர் கையில துப்பாக்கி இருந்துச்சா அப்பா?"

வந்தவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"முதல்ல இல்ல," என்றார் ஸ்டோர்க்காரர். "அப்புறம் இருந்துச்சு."

தெருவில் யாரோ தண்ணீர்க் குடத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. மகள் தாளைப் பார்த்தாள். பக்கத்தில் சான்றிதழைப் பார்த்தாள். அதில் அவள் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. அதன் மூலையை ஒரு விரலால் தொட்டாள்.

"அடுத்த மாசம் விசாரணைக்குழு முன்னாடி இதைத்தான் வைப்பீங்களா?" என்று வந்தவரிடம் கேட்டாள்.

"புத்திசாலிப் பொண்ணு," என்றார் அவர். "ஒண்ணு சொல்லிடறேன்மா. அப்பா கையெழுத்துப் போட்டாலும் போடாட்டியும் பதிவு திருத்தியாச்சு. கையெழுத்து உன் சான்றிதழுக்குத்தான். அதனால வீணா யோசிக்காதே."

"இந்தப் பதிவு தப்புன்னா அப்பா என்ன பண்ணணும்?"

"மறுபடி விண்ணப்பிக்கலாம். அதே படிவம்தான்."

அவள் சான்றிதழை எடுத்தாள். வந்தவர் பேனாவை ஸ்டோர்க்காரர் பக்கம் நகர்த்தினார். அவள் சான்றிதழை அந்தப் பேனாவின்மேல் வைத்தாள்.

"கொண்டு போயிடுங்க," என்றாள். அழுதுகொண்டிருந்தாள். "போயிடுங்க சார்."

வந்தவருக்குக் கோபம் வரவில்லை. சான்றிதழை மடிக்காமல் பைக்குள் வைத்தார். திருத்திய பதிவை மட்டும் மேஜையிலேயே விட்டார்.

"இது உங்க பிரதி," என்றார். "கொஞ்ச நாளைக்கு வெளியூர் போகாதீங்க. மூணு பேரும்."

வாசலில் நின்று நிதானமாகச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். காருக்குள் ஏறும் சத்தம் கேட்டது. கார் கிளம்பும் சத்தம் கேட்கவில்லை.

மனைவி பின்வாசலைத் தாழிட்டுவிட்டு வந்தாள். மகள் ஜன்னலைச் சாத்தப் போனாள்.

"சாத்தாதே," என்றார் ஸ்டோர்க்காரர். "நல்லாத் திற. ரெண்டு பக்கமும்."

"அவங்க இன்னும் நிக்கறாங்கப்பா."

"தெரியும். பக்கத்து வீட்டுல இருக்காங்களா?"

"டெய்லர் இருக்காரு. மெஷின் ஓடுது. மாடியில துணி காயப்போடறாங்க."

"கூப்பிடு. எல்லாரையும் கூப்பிடு. நான் சொல்லப் போறதை நாலு பேராவது கேக்கணும்."

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு டெய்லரை அழைத்தாள். தையல் மெஷின் நின்றது. மாடியிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். ஸ்டோர்க்காரர் ஜன்னலுக்கு வந்து நின்றார். முதலில் பாலத்துக்குப் போன நாளின் தேதியைச் சொன்னார். யாருக்கும் கேட்கவில்லை என்று மறுபடி தேதியிலிருந்து ஆரம்பித்தார், உரக்க. மேஜரின் பெயரைச் சொன்னார். ஐந்து ஐம்பது என்று நேரத்தைச் சொல்லும்போது, காரின் இரண்டு கதவுகளும் ஒரே நேரத்தில் திறந்தன.